மார்கரேத்தாவுக்கு அடித்த பச்சை

உட்காருங்கள் தம்பி, உட்காருங்கள். இடைஞ்சலாகத்தான் இருக்கிறது, எனக்கும் தெரிகிறது. காலைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டால் சரியாகிவிடும். சவப்பெட்டி மூடி இல்லை, பயப்பட வேண்டாம். ஏறும்போது கண்டக்டர் அப்படித்தான் கேட்டான். போர்வைக்குள் இருப்பது கதவு. முழுக் கதவுகூட இல்லை, மூன்று பலகைதான். எங்கள் வீட்டுக் கொல்லைப்புறக் கக்கூஸ் கதவு. நாகர்கோவிலில் இறங்கி, ரயில் பிடித்து, கொச்சிக்குக் கொண்டுபோகிறேன்.

சிரியுங்கள், தப்பில்லை. நான் வாய் திறந்து எவனாவது சிரிக்காமல் போனால்தான் அந்தக் காலத்தில் எனக்குச் சோறு இறங்காது. இப்போது நிலைமை தலைகீழ். ஒரே ஒரு ஆள் சிரிக்காமல் கேட்டுவிட்டான் என்பதுதான் என் கஷ்டமே.

என் பேர் எஸ்தாக்கி ரோச். தூத்துக்குடிதான். துறைமுகத்துப் பக்கம் ஒரு பெயிண்ட் கடையில் நாற்பத்தாறு வருஷம் நின்றேன். தோணிக்காரன், லாஞ்சுக்காரன், வீடு கட்டுகிறவன் எல்லோருக்கும் கலர் கலந்து கொடுத்தது இந்தக் கைதான். கலர் கலக்கும்போது கை சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், வாய்க்கு வேலை இராது. அதனால் கதை சொல்லப் பழகிவிட்டேன். ஒரு திருக்கை மீன் என் வள்ளத்தை இழுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனது; அங்கே போலீஸ்காரன் என்னை விட்டுவிட்டான், திருக்கையிடம்தான் பாஸ்போர்ட் கேட்டான். இந்த மாதிரி. எங்கள் ஊரில் ஒருத்தன் புளுகினால், "சரிடே, எஸ்தாக்கி சொன்னாரா?" என்று கேட்பார்கள். அதில் எனக்குப் பெருமைதான். வெட்கமாக இருந்ததே கிடையாது. வெட்கம் என்றால் என்ன என்று போன ஆவணியிலிருந்துதான் தெரியும்.

நான் சொல்லிவந்த கதைகளில் இந்தக் கதவின் கதையும் ஒன்று. என்ன கதை என்றால், டச்சுக்காரன் காலத்தில் மார்கரேத்தா என்று ஒரு போர்க்கப்பல் பழுதுபார்க்க எங்கள் ஊருக்கு வந்தது, அழுகின பலகைகளைக் கழற்றிப்போட்டார்கள், அதில் ஐந்து பலகை எங்கள் பூட்டனார் கைக்கு வந்து இப்போது என் கக்கூசைக் காக்கிறது. "பீரங்கி நின்ற இடத்தில் நான் குந்தியிருக்கிறேன்" என்று சொல்வேன். கடையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என் வீட்டுக்காரி ரெஜினாள் மட்டும், "கக்கூஸ் கதவுக்கு இம்புட்டுப் பெருமையா? மொதல்ல அதுக்குத் தாப்பாள் போடுங்க" என்பாள்.

மார்கரேத்தா என்ற பேரை நான் உண்டாக்கவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பேர் கயத்தான் மச்சாது வாயிலிருந்து வந்தது. அவர் அடுத்த தெரு. இழுவைப் படகில் என்ஜின் பார்த்து ஓய்வு பெற்றவர். ஆள் அதிகம் பேசமாட்டார். வீட்டு மாடியில் கப்பல் செய்துகொண்டிருப்பார். பாட்டிலுக்குள் வைக்கிற விளையாட்டுக் கப்பல் இல்லை தம்பி. நிஜக் கப்பலில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. ஹாலந்திலிருந்து வரைபட நகல் வரவழைத்து, ஒவ்வொரு விலாக் கட்டையும் தனித்தனியாக இழைத்து, ஆணிகூட மூங்கிலைச் சீவித்தான் அடிப்பார். மார்கரேத்தா ஒன்றுக்கு மட்டும் ஏழு வருஷம்.

அதில் மரவேலை முடிய ஐந்து வருஷம். மீதி இரண்டு வருஷமும் கலருக்கு.

எங்கள் கடைக்கு வருவார். "வே எஸ்தாக்கி, ஆளி விதை எண்ணெயில ஈய வெள்ளை கொழச்சா, இருட்டுல வச்சா மஞ்சளாப் போவுமாமே. மறுபடி வெயில்ல வச்சா வெளுக்குமா?" என்று கேட்பார். வெளுக்கும் என்றால் நம்பிவிட்டுப் போகமாட்டார். ஒரு பலகைத் துண்டில் அடித்து ஒரு மாசம் இருட்டில், ஒரு மாசம் ஜன்னலில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து, "நீரு சொன்னது சரிதான் வே" என்பார். கறுப்பில் கொஞ்சம் வெள்ளை கலப்பார். ஏன் என்று கேட்டால், "மாதிரிக் கப்பலப் பாக்குறது, நெசக் கப்பல நூறு பாகம், அறுநூறு அடி, தள்ளி நின்னு பாக்குற மாதிரி. அம்புட்டுத் தூரத்துல கறுப்பு கறுப்பாவா தெரியும்?" என்பார். அந்தக் காலப் போர்க்கப்பலுக்கு உள்பக்கம் காவிச் சிவப்பு அடிப்பார்களாம். ரத்தம் சிந்தினால் தெரியாமலிருக்க என்று நான் எங்கோ கேட்டதைச் சொன்னேன். "அதெல்லாம் பொறவு வந்த கதை. காவி மலிவு, அதான் அடிச்சான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கதையைக் கண்டால் அவருக்குக் கொசு மாதிரி.

ஆனால் மார்கரேத்தா விஷயத்தில் மட்டும் அவருக்கு மனசு ஆறவில்லை. சிவப்பு அடித்தும் ஆறவில்லை. அந்தக் கப்பலின் சாமான் கணக்கு நகல் ஒன்றில் காவி வாங்கினதாகவே இல்லையாம், செம்புப் பச்சை இரண்டு பீப்பாய் என்று இருக்கிறதாம். கொச்சியில் குரியன் என்று ஒரு கடற்படை அதிகாரி, ஓய்வு பெற்றவர், அவரும் இந்த மாதிரி டச்சுக் கப்பல் செய்கிறவர். அவர் சொல்வது, பச்சை கேப்டன் அறைக்கு வாங்கியிருப்பான், பீரங்கித் தட்டுக்கு, அதாவது பீரங்கி நிற்கிற தளத்துக்கு, சிவப்புதான், எல்லா டச்சுக் கப்பலுக்கும் அப்படித்தான் என்று. இரண்டு பேரும் முப்பது வருஷமாகக் கடுதாசியில் இதே சண்டை. மரியாதையான சண்டை. கிறிஸ்துமசுக்கு வாழ்த்து எழுதிவிட்டு, அடுத்த வரியில் சிவப்பு என்று எழுதுவார் அந்த மனுஷன்.

போன ஆவணியில் ஒரு நாள் மச்சாது என் வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு நோட்டு, பென்சில். "வே, ஒம்ம கதவு மார்கரேத்தா பலகைன்னு சொல்லுதீரே, அது எந்தப் பக்கத்துப் பலகைன்னு தெரியுமா?"

நான் அன்றைக்கு, "அட, அது சும்மா சொன்னது வே" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆறு வார்த்தைகூட இல்லை. ஆனால் தம்பி, ஐம்பது வருஷம் நான் பேசியிருக்கிறேன். என் முன்னால் உட்கார்ந்து, நான் சொன்னதை ஒருத்தன் எழுதிக்கொண்டதே கிடையாது. அவர் பென்சிலைக் கூராக்கித் தேதி போட்டுவிட்டு என் வாயைப் பார்க்கிறார். டாக்டர் வாயை நோயாளி பார்ப்பானே, அந்த மாதிரி. எனக்கு உள்ளே என்னமோ ஆகிவிட்டது.

"இடப் பக்கம்" என்றேன். "பின்னாலேருந்து மூணாவது பீரங்கி."

எழுதினார்.

"எங்க பூட்டனாருக்குப் பூட்டனார் சொல்லுவாராம், வெளிய மஞ்சள், பீரங்கி வாயில கறுப்பு, உள்ள மட்டும் கிளியோட வயிறு மாதிரி பச்சைன்னு."

பச்சை என்றதும் பென்சில் நின்றுவிட்டது. முகத்தைப் பார்க்கவேண்டுமே. எனக்குத் தெரியும் அவருக்குப் பச்சைதான் வேண்டும் என்று. தெரிந்துதான் சொன்னேன். அது மட்டுமில்லை, கதவுக்கு அடியில் பச்சை இருக்கிறது என்பதும் தெரிந்துதான் சொன்னேன்.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? அடித்தது நான்தானே!

அந்தப் பலகை உண்மையில் எங்கிருந்து வந்தது என்றால், மாதா கோயில் திருவிழாவுக்கு ராட்டினக்காரன் கொண்டுவருகிற கப்பல் ஊஞ்சல். இரண்டு பக்கமும் ஆளை ஏற்றி வீசி வீசி ஆட்டுவார்களே, அது. எழுபத்தொன்றாம் வருஷம். எனக்கு இருபது வயது. ஓடாவி ஒருத்தர், அதாவது தோணி கட்டுகிற தச்சர், உடைத்த தோணிக் கட்டையில் அந்த ஊஞ்சலைச் செய்தார். பெயிண்ட் அடிக்க என்னைக் கூப்பிட்டார்கள். தீப்பெட்டிப் படம் ஒன்றைப் பார்த்து வெளியில் மஞ்சள் பட்டை, அதில் கறுப்புக் கட்டம் கட்டமாகப் பீரங்கி வாய் எல்லாம் வரைந்தேன். உள்பக்கத்துக்குக் கடையில் மிச்சம் கிடந்த டின்னை எடுத்து அடித்தேன். அது ஆஸ்பத்திரிச் சுவருக்கு வாங்கின பச்சை. மூன்று வருஷத்தில் நாற்பது பேரோடு ஊஞ்சல் அறுந்து விழுந்தது. இல்லை, எட்டுப் பேர். இல்லை தம்பி, ஒருத்தருமே இல்லை, கழற்றும்போது விழுந்தது. பார்த்தீர்களா, உண்மையைச் சொல்ல உட்கார்ந்த இடத்திலும் இந்த வாய் ஒரு சுற்றுப் போய்விட்டுத்தான் வருகிறது. ராட்டினக்காரன் விறகுக்குக் கொடுத்தான், நான் கதவாக்கினேன். அதன்மேல் மூன்று நாலு வருஷத்துக்கு ஒரு கலர், கடையில் எது மிச்சமோ அது.

மச்சாது இரண்டு பலகையைக் கழற்றிக்கொண்டு போனார். ரெஜினாள் அந்த இடத்தில் சாக்கைத் தொங்கவிட்டாள். மாடியில் அவர் வேலை செய்ததை நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, காசு அகலத்துக்கு வட்டமாகத் தேய்ப்பார். மெதுவாகத் தேய்க்கத் தேய்க்க நடுவில் பள்ளம் விழும், சுற்றி ஒவ்வொரு கலரும் வளையம் வளையமாகத் தெரியும். மரத்தை வெட்டினால் வயசு தெரியுமே, அதேபோல. சாம்பல், நீலம், சாக்லேட், மறுபடி நீலம்... ஒவ்வொன்றுக்கும் நோட்டில் நம்பர். பதினான்காவது வளையத்தில் மஞ்சள் வந்தது. ஓரத்தில் நேர்கோடாகக் கறுப்பு. பலகையைத் திருப்பிப் போட்டு உள்பக்கம் தேய்த்தார். பச்சை.

அவர் உப்புத்தாளைக் கீழே வைத்தார். "வே எஸ்தாக்கி" என்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நேரத்தில்கூடச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா? "எங்க பூட்டனார் பொய் சொல்லமாட்டாரு" என்றேன்.

மறுநாளே அவர் மார்கரேத்தாவின் சிவப்பைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டார். பல் குத்துகிற குச்சி அளவுக்கு ஒரு உளி வைத்துக்கொண்டு, பீரங்கித் தட்டுக்குள் கையை விட்டு, ஒரு மாசம். சரியான கலரைச் சுரண்டுகிறார் தம்பி. பக்கத்தில் உட்கார்ந்து நான் சாயா குடித்துக்கொண்டிருக்கிறேன்.

குரியனுக்கு எழுதினார். அவர் பதில் எழுதினார்: வாழ்த்துகள், ஆனால் பச்சையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதியுங்கள், செம்புப் பச்சை என்று வந்தால் நானே தோற்றேன் என்று ஒத்துக்கொள்கிறேன்.

நான் மாட்டிக்கொண்டேன். கடைக்காரனுக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரிப் பச்சையில் பாதி டைட்டானியம் வெள்ளை. அது போன நூற்றாண்டுச் சரக்கு. டச்சுக்காரன் அதைக் கனவில்கூடக் கண்டிருக்கமாட்டான். சோதித்தால் ஐந்து நிமிஷத்தில் மானம் போய்விடும். யார் மானம்? அதைத்தான் நான் சரியாக யோசிக்கவில்லை. என் மானம் என்றே நினைத்துக்கொண்டேன்.

மச்சாது சின்னக் காகிதத்தில் பச்சைச் செதில்களை மடித்து, கவரில் போட்டு, "தபாலாபீசுக்குப் போயிட்டு வாரேன்" என்று எழுந்தார். "நீரு எதுக்கு மாடி எறங்கணும், கொடும் வே" என்று வாங்கிக்கொண்டேன்.

இனிமேல் சொல்லப்போவதை யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் தெருமுனையில் ஒரு குருசடி இருக்கிறது, சிலுவை வைத்த சின்னக் கோயில். அதில் மிக்கேல் சம்மனசு, அந்தத் தேவதூதரின் சொரூபம், மரத்தில் செய்தது, மிகவும் பழசு. காலடியில் பசாசு கிடக்கும். பசாசுக்குப் பச்சை. நிஜச் செம்புப் பச்சை, ஈய வெள்ளையில் குழைத்தது. எனக்குக் கலரைப் பார்த்தால் தெரியாதா? மத்தியான வேளை, ஆள் இல்லை. பேனாக்கத்தியை எடுத்து வாலின் அடிப்பக்கம் சுரண்டிக்கொண்டேன். சம்மனசின்மேல் நகம்கூடப் படவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பசாசின் வாலைத்தான். காகிதத்திலிருந்த ஆஸ்பத்திரிப் பச்சையைச் சாக்கடையில் ஊதிவிட்டு, இதை மடித்துவைத்து, தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன். சாயங்காலம் வந்து, சுரண்டின இடத்தில் கலர் கலந்து தொட்டுவிட்டேன். எப்படித் தொட்டேன் என்கிறீர்கள்! போன மாசம் நானே தீக்குச்சி கொளுத்திப் பார்த்துத் தேடினேன், எந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை. தொழில் அவ்வளவு சுத்தம்.

ஒன்றரை மாசத்தில் பதில் வந்தது. செம்புப் பச்சை, ஈய வெள்ளை, எண்ணெய். இருநூறு வருஷத்துக்குக் குறையாது. மச்சாது கடுதாசியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். அந்த மனுஷன் பெண்டாட்டி செத்தபோதுகூட அழுததை நான் பார்த்ததில்லை.

தை மாசம் கொச்சியில் கூட்டம் வைத்தார்கள். இந்த மாதிரிக் கப்பல் செய்கிறவர்கள், சரித்திரம் படிக்கிறவர்கள், அறுபது பேர் இருப்பார்கள். நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் மார்கரேத்தா. உள்ளே பச்சை. அழகாக இருந்தது என்பதுதான் கொடுமை! மச்சாது கட்டுரை படித்தார், இங்கிலீஷில். நடுவில் என் பேர் வந்தது, எஸ்தாக்கி ரோச் என்பவரின் வாய்மொழி என்று. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. கூப்பிட்டு எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தத் துணி தோளில் விழுந்ததும் எனக்கு உடம்பெல்லாம் அரித்தது. பசாசின் வால் வந்து கழுத்தைச் சுற்றின மாதிரி.

அப்புறம் குரியன் எழுந்தார். வயது எழுபத்தெட்டு, பாய்மரக் கம்பு மாதிரி நிற்கிறார். மச்சாதுவைப் பார்த்து ஒரு சல்யூட் அடித்தார். "முப்பது வருஷமாக நான் தவறு. மிஸ்டர் மச்சாது சரி. என்னிடம் இதே வகையில் மூன்று கப்பல்கள் இருக்கின்றன. மூன்றையும் சுரண்டிப் பச்சை அடிக்கப்போகிறேன்" என்றார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன் தம்பி. பொன்னாடையோடு உட்கார்ந்து தட்டினேன்.

ஊருக்கு வந்த பிறகு எனக்குப் பேச்சு போய்விட்டது. கடைப்பக்கம் போனால், "என்ன அண்ணே, கொச்சியில திருக்கையப் பாத்தீயளா?" என்று பையன்கள் கேட்பார்கள். நான் வேறு பக்கம் திரும்பி நடப்பேன். ரெஜினாள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். கடைசியில் அவளிடம் சொன்னேன். பசாசு வாலை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அந்த மனுசன்ட்டப் போயிச் சொல்லுங்க" என்றாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

போனேன். இரண்டு வாரத்துக்கு முன்னால். மாடி ஏறினேன். மச்சாது சந்தோஷமாக இருந்தார். "வாரும் வே, குரியன்ட்டருந்து போன் வந்துச்சு. ஒரு கப்பலச் சொரண்டி முடிச்சிட்டாராம்."

"வே மச்சாது, அந்தப் பச்சைய அடிச்சது நான்தான்."

"எந்தப் பச்சை?"

"பலகையில இருந்த பச்சை. அது மார்கரேத்தா இல்ல. திருவிழா ஊஞ்சல். எழுவத்தொண்ணுல நானே அடிச்சேன். ஆஸ்பத்திரிப் பச்சை."

என்னையே பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். தம்பி, அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. என் கதைக்கு இத்தனை வருஷத்தில் சிரிக்காத ஒரே ஆள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "ஒம்ம கதையிலயே இதுதான் வே ஒசத்தி. ஊஞ்சலா! திருக்கைய விட இது நல்லாருக்கு!"

"நெசமா வே. மாதா ஆணை."

"ஆய்வுக்கூடத்துல இருநூறு வருசம்னு எழுதிருக்கான். அப்ப ஒமக்கு இப்ப என்ன வயசு வே, இருநூத்தி இருவதா?" மேஜை டிராயரிலிருந்து அந்தக் கடுதாசியை எடுத்து என் மூஞ்சிக்கு நேரே ஆட்டுகிறார்.

பசாசு வால் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் இன்னும் சிரிப்பார். சரி வாரும், குருசடிக்குப் போவோம், சுரண்டின இடத்தைக் காட்டும் என்பார். எங்கே காட்ட? சாயாவைக் குடித்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

நேற்றுத்தான் ஞாபகம் வந்தது. ஊஞ்சல் பக்கவாட்டில் நான் எழுத்தும் எழுதினேன். மஞ்சள் பட்டைக்கு மேலே, சிவப்பில். மச்சாது கொண்டுபோன பலகையில் இல்லை. வீட்டிலிருந்த மூன்றில் ஒன்றில் இருக்க வேண்டும். உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்தேன், அவர் தேய்க்கிற மாதிரியே, தண்ணீர் தொட்டுத் தொட்டு. சாம்பல் போனது, நீலம் போனது, சாக்லேட் போனது. விடிந்தும் தேய்த்தேன். இதோ போர்வையை விலக்கிப் பாருங்கள், கூச்சம் வேண்டாம். படியுங்கள். "நபர் ஒன்றுக்கு 15 பைசா." கீழே சின்னதாக என் பேர்கூட இருக்கிறது. அந்த வயதில் எதிலும் பேர் எழுதுகிற புத்தி.

இப்போது நம்புகிறீர்கள் இல்லையா? ஆமாம், எழுத்தில் இருந்தால் யாரும் நம்புவார்கள்.

அதுதான் கொச்சிக்குப் போகிறேன். குரியனிடம் இன்னும் இரண்டு கப்பல் சுரண்டாமல் இருக்கிறது. அவரைத் தடுக்க வேண்டும் இல்லையா? பலகையை அவர் முன்னால் வைத்துவிடுவேன். அவர் படித்த மனுஷர். மச்சாதுவுக்கு அவரே பக்குவமாக எழுதிவிடுவார், அவர்கள் பாஷையில், மரியாதையாக. அதுதான் முறை என்று எனக்குப் பட்டது. நஷ்டப்பட்டவரிடம் முதலில் சொல்வது. தைரியம் இல்லாவிட்டால் இந்த வயதில் மூன்று பலகையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தன் கொச்சிக்குக் கிளம்புவானா, சொல்லுங்கள்.

என்ன கேட்டீர்கள்?

மச்சாது வீடு எங்கே என்றா? முன்னேயே சொன்னேனே, அடுத்த தெரு.

நடந்தால் மூன்று நிமிஷம். இரண்டு நிமிஷம் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள். பலகை கனம் தம்பி. அவருக்கு மாடி வேறு. இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். இல்லை, மாத்திரை சர்க்கரைக்குத்தான். காலையில் ஆட்டோவில் பலகையை ஏற்றினபோது ரெஜினாள் வாசலில் நின்று, "போயிட்டு வாங்க, மெதுவாச் சொல்லுங்க" என்றாள். அவள் நான் அடுத்த தெருவுக்குப் போயிருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். முனை திரும்பினதும் ஆட்டோக்காரனிடம் பஸ் ஸ்டாண்டு என்றேன். அதை ஏன் அப்படிச் சொன்னேன் என்று இவ்வளவு நேரமும் எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டுதான் வந்தேன். உங்களுக்கும் அதைத்தான் சொன்னேன்.

அவர் திட்டினால் தாங்கிக்கொள்வேன். அடித்தாலும் பரவாயில்லை. அவர் திட்டமாட்டார் தம்பி. எழுத்தைப் படிப்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படிப்பார். அப்புறம், "சரி வே, சாயா குடிக்கிறீரா" என்று கேட்டுவிட்டு, கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, அந்தச் சின்ன உளியை எடுத்துப் பச்சையைச் சுரண்ட உட்கார்ந்துவிடுவார். என்னைப் பார்க்காமல். நான் அங்கே நிற்க வேண்டும். அங்கே நிற்காமல் இருக்கத்தான் எனக்குக் கொச்சி தேவைப்படுகிறது.

வெளியே என்ன ஊர்? நாங்குநேரியா? அப்படியானால் பாதி தூரம் வந்துவிட்டேனா?

திரும்பிப் போக எதிர்ப்பக்கம் திருநெல்வேலி வண்டி நிற்கும் இல்லையா? பலகையின் அந்த முனையைக் கொஞ்சம் பிடியுங்கள். கண்டக்டரை ஒரு சத்தம் கூப்பிடுங்கள் தம்பி, நிறுத்தச் சொல்லுங்கள். நானே கூப்பிடலாம் என்றுதான் பார்க்கிறேன், வாய் வரவில்லை.